பூனை பழகவில்லை

பயப்படாதீங்க, உக்காருங்க. பூனைதான். கூடை மூடி மேல சணல் கயிறு மூணு சுத்து சுத்தி, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு மேல இன்னொரு முடிச்சும் போட்டிருக்கேன். வெளிய வராது. நீங்களும் இந்த பஸ்ஸுல புதுக்கோட்டை வரைக்கும்தானே? நானும் புதுக்கோட்டைதான். காலை நல்லா நீட்டிக்கங்க, கூடையை நான் மடியில வெச்சுக்கறேன்.

டீச்சரா நீங்க? அதான் பார்த்தேன், விரல்ல சாக்பீஸ் வெள்ளை. கவர்ன்மெண்ட் ஸ்கூலா? நல்லதாப் போச்சு. உங்களுக்குத்தான் ஒழுங்குன்னா என்னன்னு சொன்னா புரியும். நானும் கவர்ன்மெண்ட்தான். பெண்கள் விடுதி வார்டன், முப்பத்திரண்டு வருஷம். வனஜாட்சி வார்டன்னு சொல்லிப் பாருங்க, அப்ப தங்கிப் படிச்ச பொண்ணுங்களுக்கு இன்னிக்கும் முதுகு தானா நிமிரும். எழுபத்தெட்டுப் பொண்ணுங்க ஒரு நேரத்துல. ஒருத்தி கூட எங்கிட்ட வந்து அழுதது கிடையாது. அவ்வளவு கட்டுப்பாடு. ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, ஒருத்தி போன் பண்ணித் தொந்தரவு குடுத்ததில்ல. எல்லாம் நல்ல நிலைமையில இருக்குதுங்கன்னு அர்த்தம்.

இப்ப பூனை. சும்மா இருக்க முடியுமா சொல்லுங்க? தெருவுல அடிபட்டது, மிரண்டது, யாரும் சீந்தாததுன்னு கொண்டுவந்து, வைத்தியம் பார்த்து, நல்ல வீடாப் பார்த்துக் குடுக்கறேன். இதுவரைக்கும் பதினாறு பூனை. இது பதினேழு. பேரே அதுதான், பதினேழு. பேரு வெச்சா பாசம் வந்துடும், பாசம் வந்தா நிர்வாகம் கெட்டுடும்.

இது எங்க தெரு முனையில இருந்த மாவு மில்லுப் பூனை. மில்லுலயே பிறந்து மில்லுலயே வளர்ந்தது. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் தடதடதடதடன்னு ஓடும் அந்த மெஷினு. காது கிழியும். அதுக்கு அடியில படுத்துக் கிடக்கும் இது, மேலெல்லாம் மாவு. பார்க்கவே பாவமா இருக்கும் எனக்கு. அப்புறம் மில்லுக்காரர் இடத்தை வித்துட்டார். இடிச்சுத் தள்ளிட்டாங்க. மூணு நாளு அந்தக் கல்லு மண்ணு மேலயே உக்காந்திருந்துச்சு, கத்தக்கூட இல்ல. நான்தான் போயி, துண்டைப் போட்டு அமுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த இரைச்சல்ல இருந்து அதைக் காப்பாத்தினது நான்.

என் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? அமைதி. டிவி கிடையாது. ஃபேன் கூட ஒண்ணாம் நம்பர்லதான் ஓடும். பின் ரூமை அதுக்கு ஒதுக்கி, ஜன்னலைச் சாத்தி, மெத்துன்னு போர்வை விரிச்சு, தட்டு தனி, தண்ணிக்குக் கிண்ணம் தனி. ராஜ வாழ்க்கைங்க! என்ன பண்ணுச்சு தெரியுமா? பீரோவுக்கு அடியில போய் உக்காந்துடுச்சு. நாலு மாசம். நாலு நாள் இல்ல, நாலு மாசம்! நான் உள்ள போனா ரெண்டு கண்ணு மட்டும் தெரியும். கை நீட்டினா 'ஹ்ஸ்'ஸுங்கும். நான் வெச்ச சோத்தை என் எதிர்ல தின்னதே இல்ல. நான் மிக்சியில சட்னி அரைச்சுக்கிட்டு இருப்பேன், இல்லைன்னா மோட்டார் போட்டுட்டு மாடிக்குப் போயிருப்பேன், அந்த நேரம் பார்த்து வெளிய வந்து தின்னுட்டு, ரூமெல்லாம் சுத்திப் பார்த்துட்டு, மோட்டார் நின்னதும் மறுபடி உள்ள ஓடிடும். எவ்வளவு திருட்டுத்தனம் பாருங்க. நான் வேலையா இருக்கற நேரத்தைக் கணக்குப் பண்ணி வெச்சிருக்கு.

நானும் தரையில உக்காந்து பேசிப் பார்த்தேன். வயசான காலத்துல முட்டி மடங்குமா? மடக்கி உக்காந்தேன். தினம் ஒரு மணி நேரம். பால் வெச்சேன், நெத்திலி வெச்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் விரலை மோந்து பார்த்துச்சு. அதுக்கப்புறம் பின்னாடி போயிடுச்சு. சரி, சில ஜென்மம் அப்படித்தான், எவ்வளவு செஞ்சாலும் நன்றி இருக்காதுன்னு விட்டுட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரி போர்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துட்டு கீரனூர்ல இருந்து ஒரு ஆளு வந்தான். டெய்லர். ராயப்பன்னு பேரு. ஐம்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகல. கழுத்துல இஞ்ச் டேப்பு தொங்குது, அதோடயே பஸ் ஏறி வந்திருக்கான், கழட்டி வெக்கணும்னு கூடத் தோணல. இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி ஒரு மூஞ்சி. உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் விசாரிச்சேன். விடுதியில பொண்ணைச் சேர்க்க வர்ற அப்பனைக்கூட நான் அவ்வளவு விசாரிச்சதில்ல. "வீட்டுல எத்தனை பேரு?"ன்னு கேட்டேன். "நானும் மெஷினும்தான் மேடம்"ங்கறான். பதிலைப் பாருங்க!

அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கணும். ஆனா வேற யாரும் கேக்கல. பீரோவுக்கு அடியில இருக்கற பூனை யாருக்கு வேணும்? சரின்னு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தேன். நானே டைப் அடிச்சது. பதினோரு நிபந்தனை. முதல் பதினாலு நாள் ஒரே ரூம்ல வெக்கணும். தூக்கக் கூடாது. கூட்டம் கூடாது. பேரை மாத்தக் கூடாது. நாலாவது நிபந்தனை, தடிச்ச எழுத்துல அடிச்சது: சத்தம் அறவே கூடாது. பதினாலு நாள் கழிச்சு நான் வந்து பார்ப்பேன், பழகலைன்னா திரும்ப எடுத்துக்குவேன். எல்லாத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படிச்சான். தலையை ஆட்டினான். மண்டைக்குள்ள போகணுமே?

நாலு நாள் கழிச்சுப் போன் பண்றான். "மேடம், சாப்பிடுது மேடம். மேசை மேல ஏறி உக்காருது மேடம்." அப்படி ஒரு சந்தோஷம் குரல்ல. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நாலு நாள்ல மேசை மேலயா? நாலு மாசமா பீரோவை விட்டு வராதது? நாலாவது நாள் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கணும், அதுதான் முறை. ஏதோ தப்பு நடக்குதுன்னு அன்னிக்கே புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல, உண்மையைச் சொல்றேன். ஒவ்வொரு வாய்க்கும் அந்த மேசைதான் ஞாபகம். எங்கிட்ட வராததுக்கு அவன்கிட்ட என்ன இருக்கு? அப்படி என்ன இருக்கு அந்த ஆள்கிட்ட?

அதான் பதினாலு நாள் வரைக்கும் காத்திருக்கல. எட்டாவது நாளே கிளம்பிட்டேன். இன்னிக்கு எட்டாவது நாள். சொல்லாம போனாத்தான் உண்மை தெரியும். விடுதியிலயும் அப்படித்தான், கதவைத் தட்டிட்டுப் போற வார்டனை எவ மதிப்பா?

ரோட்டு மேல ஒரு ரூமு. முன்னாடி கடை, பின்னாடி வீடு, நடுவுல ஒரு திரைச்சீலை. வாசல்ல நிக்கறப்பவே கேக்குது, கடகடகடகடன்னு தையல் மெஷினு. நாலாவது நிபந்தனை காத்துல போச்சு! உள்ள எட்டிப் பார்த்தேன். மெஷின் மேசை மேல, வெட்டுத் துணிக் குவியல்ல, மல்லாக்கப் படுத்துத் தூங்குது பதினேழு. மல்லாக்க! நாலு காலும் மேல. மெஷின் அதிர அதிர வயிறு ஆடுது, அதுக்குச் சுரணையே இல்ல. எனக்கு அந்த வயிறு வெள்ளைன்னே இன்னிக்குத்தான் தெரியும்.

என்னைப் பார்த்ததும் அவன் மரியாதைக்கு மெஷினை நிறுத்தினான். நிறுத்தின நொடியில பூனை எந்திரிச்சு, என்னைப் பார்த்து, ஒரே பாய்ச்சல், மேசைக்கு அடியில. "பார்த்தீங்களா? எவ்வளவு மிரண்டு போயிருக்கு பாருங்க"ன்னேன். அவன் உக்காந்து மறுபடி மெஷினை மிதிச்சான். துணி கூட இல்ல, சும்மா மிதிச்சான். ஒரு நிமிஷம் ஆகல, வெளிய வந்து அவன் மடியில ஏறி உக்காருது. "வா பாபின்"ங்கறான். பாபினாம்! நூல் சுத்தற சக்கரத்தோட பேரு. பேரை மாத்தக் கூடாதுன்னு ஒன்பதாவது நிபந்தனை இருக்கே ஐயான்னு கேட்டா, "நான் மாத்தல மேடம், பதினேழுன்னு கூப்பிட்டா அது திரும்பல"ங்கறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஊசி இருக்கற இடம், நூல் இருக்கற இடம். பூனை நூலை முழுங்கினா குடல்ல சுத்திக்கும், தெரியுமில்ல? அதைக் கேட்டேன். நூல்கண்டை எல்லாம் மூடி போட்ட டப்பாவுல அடுக்கி வெச்சிருந்தான். தரையைப் பெருக்கித் துடைச்சு, கீழ ஒரு இழை கிடையாது. நான் வர்றேன்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு. இல்லைன்னா எந்த டெய்லர் கடை அப்படி இருக்கும்?

அப்ப ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "மேடம், இது மில்லுல பிறந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க. அம்மாகிட்ட பால் குடிக்கறப்பவே அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தது. சத்தம் நின்னாத்தான் அதுக்குப் பயம்." டெய்லருக்குப் பூனை மனசு தெரியுதாம். பதினாறு பூனைக்கு வீடு பார்த்துக் குடுத்த எனக்கு, ஜாக்கெட்டு தைக்கற ஆளு பாடம் எடுக்கறான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அடடா, ரயில்வே கேட்டைப் போட்டுட்டாங்களா. போச்சு. இஞ்சினையும் ஆஃப் பண்ணிட்டார் டிரைவர்.

கத்துது பாருங்க. ஏய்! சும்மா இரு! பதினேழு! ஐயோ, எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. ஒண்ணுமில்லீங்க, பூனைங்க, பூனை. கூடையையே கவுத்துடும் போல இருக்கு. கீரனூர்ல இருந்து இங்க வரைக்கும் மூச்சு விடாம வந்துச்சுங்க, இப்பத்தான் இந்த ஆட்டம். எல்லாம் அந்த ஆளு குடுத்த செல்லம். எட்டு நாள்ல எப்படிக் கெடுத்து வெச்சிருக்கான் பாருங்க. என் வீட்டுல நாலு மாசத்துல ஒரு நாள் கத்தியிருக்குமா? வாயைத் திறந்ததே இல்ல.

ரயில் வந்துடுச்சு. அப்பாடா, நிறுத்திடுச்சு பாருங்க. ரயில் சத்தத்துல பயந்து வாயை மூடிக்கிச்சு. பாவம்.

என்ன சொன்னீங்க? பயந்த மாதிரி இல்லையா? உங்களுக்குப் பூனை வளர்த்துப் பழக்கம் இல்ல, அதான். சரி விடுங்க, கேட்டைத் திறந்துட்டாங்க, பஸ்ஸும் கிளம்பிடுச்சு.

எங்க விட்டேன்? ஆங். திரும்ப எடுத்துக்கறேன்னு சொன்னேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. "பதினாலு நாள்னு இருக்கே மேடம், இன்னும் ஆறு நாள் இருக்கே"ன்னான். "நிபந்தனையை மீறினா நாள் கணக்கு கிடையாது"ன்னேன். கூடையைத் திறந்து வெச்சுட்டு, பூனையைப் பிடிக்கக் கையை விட்டேன். சீறிக்கிட்டு ஒரு அறை விட்டுச்சு. இங்க பாருங்க, மணிக்கட்டுல. மேசைக்கு அடியில போயிடுச்சு. நான் ஒரு பக்கம் குனிஞ்சா அது மறு பக்கம் ஓடுது. துடைப்பத்தை எடுத்துக் குச்சியால தள்ளலாம்னு பார்த்தேன்.

அப்ப அவன், "வேண்டாம் மேடம், விட்டுடுங்க. நானும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா அதுதான் பயந்து சாகும்"னான். போய் மெஷின்ல உக்காந்து மிதிச்சான். பூனை வந்துச்சு. மடியில ஏறுச்சு. கொஞ்ச நேரம் காதுக்குப் பின்னாடி சொறிஞ்சு விட்டான். ஒரு கால் மிதிச்சுக்கிட்டே இருக்கு, ரெண்டு கையாலயும் தூக்கி, அவனே கூடையில வெச்சு, அவனே மூடினான். ஒரு சண்டை இல்ல, சச்சரவு இல்ல. நீங்களே சொல்லுங்க, உண்மையிலயே பாசம் இருக்கறவன் அப்படி எடுத்துக் குடுப்பானா? குத்தமுள்ள நெஞ்சு. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு. கண்ணுக்கென்ன, விடுதியில நான் பார்க்காத கண்ணீரா?

வெட்டுத் துணியில ஒரு சின்ன மெத்தை தைச்சு வெச்சிருந்தான். ஓரமெல்லாம் மடிச்சு அடிச்சு, நல்ல வேலைப்பாடு, இல்லைன்னு சொல்லல. "இதையும் கொண்டு போங்க மேடம், இதுல அதோட வாசனை இருக்கு, புது இடத்துல பயப்படாது"ன்னு நீட்டினான். வெளிச் சாமான் அனுமதி இல்லைன்னுட்டேன். விடுதியில தலையணை கொண்டுவர்ற பொண்ணுங்களுக்கும் அதேதான் சொல்வேன். வாசல் வரைக்கும் வந்து, "மிக்சியாவது கொஞ்ச நேரம் சும்மா போட்டு விடுங்க மேடம்"ங்கறான். சட்னி இல்லாம மிக்சி ஓட்டணுமாம்! பைத்தியம்.

இப்ப உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. இந்த ஃபாரத்தைப் பாருங்க. திரும்பப் பெறும் படிவம். எல்லாம் முறையா இருக்கணும் எனக்கு. 'திரும்பப் பெறுவதற்கான காரணம்: பூனை பழகவில்லை.' 'இனி பராமரிப்பவர்: வனஜாட்சி.' ஆமா, நான்தான். இனிமே யாருக்கும் குடுக்கறதா இல்ல. நானே வெச்சுக்கப் போறேன்.

கையெழுத்து அழகா இருக்கா? எல்லாரும் சொல்வாங்க. பஸ்ஸுல எழுதினதா? இல்லைங்க, கை ஆடுமே. காலையில காபி குடிச்சுட்டு வீட்டுலயே உக்காந்து எழுதிட்டுத்தான் கிளம்பினேன். அது என் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். விசாரணைக்குப் போறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட்டை எழுதி முடிச்சுடணும். அங்க போனப்புறம் அழுகை, கெஞ்சல், கதைன்னு மனசைக் குழப்புவாங்க. முன்னாடியே எழுதிட்டா தெளிவா இருக்கும்.

என்ன, ஃபாரத்தைத் திருப்பிக் குடுக்கறீங்க? இருங்க.

அந்த டெய்லர்கிட்டயும் இதைக் கையெழுத்துக்கு நீட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாப் படிச்சான். படிச்சுட்டு என்ன கேட்டான் தெரியுமா? "பழகவில்லைன்னு போட்டிருக்கே, யாரோட மேடம்?" கிண்டலாக் கேக்கலைங்க, நிஜமாவே தெரியாத மாதிரிதான் கேட்டான். என் ரிப்போர்ட்டை இதுவரைக்கும் ஒருத்தர் கேள்வி கேட்டதில்ல, இவனுக்கு என்ன பதில்? யாரோடன்னா என்ன அர்த்தம்? நாலு மாசம் முட்டி தேய உக்காந்தது நானு. நெத்திலி ஆய்ஞ்சு வெச்சது நானு. பூனை கேட்டு வர்றவங்களைத் தவிர யாராவது வந்து வாசல்ல மணி அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு அந்த வீட்டுல, ஒரு உயிரு இருக்கட்டுமேன்னு நெனைச்சது நானு. யாரோடயாம்!

அவன் கையெழுத்துப் போடல. அதனால சாட்சி ஒருத்தர் போட்டாப் போதும். நீங்க கவர்ன்மெண்ட் ஸ்டாஃப், உங்க கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. இங்க, இந்தக் கோட்டுக்கு மேல. பூனை போட்ட ஆட்டத்தைத்தான் நேர்லயே பார்த்துட்டீங்களே. இந்தாங்க பேனா.

ஏங்க, எந்திரிக்கறீங்க? புதுக்கோட்டை வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கே. முன்னாடி இடமே இல்லீங்க, எல்லாரும் நிக்கறாங்க. ஜன்னல் ஓரம் வேணும்னா நான் மாறி உக்காந்துக்கறேன். நின்னுக்கிட்டே வர்றேங்கறீங்களா? இங்க உக்கார இடம் இருக்கறப்பவா?

சரி, உங்க இஷ்டம். எனக்கென்ன, துணைக்கு இது இருக்கு. பஸ்ஸு குலுங்கறப்ப மட்டும் கூடையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்.